குதிரையை அவிழ்த்துவிடுங்கள்

(ஈரோடு மாவட்டத்தில் உழவர்களும் குதிரை வளர்ப்போரும் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தையில் ஒரு குதிரைக்கு விலை பேசும்போது நாம் என்னென்ன பார்ப்போம் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்து பல்லில் வயது பார்ப்போம். நெற்றியிலும் கழுத்திலும் மார்பிலும் சுழி பார்ப்போம். கத்தியவாரா, மார்வாரியா, நாட்டு மட்டமா என்று கேட்போம். காது நுனிகள் வளைந்து ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்ப்போம். நடக்கவிட்டு, ஓடவிட்டுப் பார்ப்போம். அந்தக் குதிரை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மென்றுகொண்டிருந்தது, எத்தனை மணி நேரம் முளையில் கட்டுண்டு நின்றது, பக்கத்தில் இன்னொரு குதிரை இருந்ததா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. வாங்கி வந்தபின் அந்தக் குதிரை எத்தனை ஆண்டு வாழும், யார் சொல்லைக் கேட்கும், யாரை உதைக்கும் என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பவை இந்தக் கேட்காத கேள்விகள்தாம். இன்றைக்கு அவற்றைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

குதிரை வாங்குவது தமிழருக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பாண்டியன் கொடுத்த பொன்னோடு குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகரின் கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். நரி பரியான அந்தக் கதையின் அடியில் ஓர் உண்மையான வரலாறு கிடக்கிறது. பாண்டிய நாட்டின் செல்வத்தில் ஒரு பெரும்பங்கு குதிரைக்காகவே கடல் தாண்டிப் போயிற்று.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ அதைப் பதிவு செய்திருக்கிறார். ஓர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் காயல் துறைக்கு வந்தன. பாண்டிய அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் வாங்கினார். ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சவில்லை என்கிறார் போலோ. பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்றும், சோற்றோடு இறைச்சியைச் சமைத்துக் குதிரைக்குக் கொடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ அதே காலத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் விவரமாகச் சொல்கிறார்: வறுத்த பார்லியும் வெண்ணெய் கலந்த தானியமும் தீனி, குடிக்கக் காய்ச்சிய பசும்பால், கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் லாயத்தில் கயிறும் முளையும் போட்டுக் கட்டி வைப்பார்கள், பிறகு முறையான பயிற்சி எதுவும் தராமல் ஏறி விரட்டுவார்கள்.

எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். வெளிநாட்டவர்கள் எழுதியது, வியாபாரிகள் வாய்வழியாகக் கேட்டது. ஆனால் அவர்கள் அடுக்கும் காரணங்களைப் பாருங்கள். பசும்பாலும் வெண்ணெயும் கொடுத்தவன் குதிரைமேல் அன்பில்லாதவனா? தான் உண்பதில் உயர்ந்தது எதுவோ அதைக் கொடுத்திருக்கிறான். அந்த அன்புதான் கொன்றது. எழுநூறு ஆண்டு கழித்தும் நம் தோட்டங்களில் அது நடந்துகொண்டிருக்கிறது. பாதாம் அரைத்துக் கொடுக்கிறோம், முட்டை உடைத்து ஊற்றுகிறோம், கொள்ளை அவித்துக் கொட்டுகிறோம். மீதி இருபது மணி நேரம் முன்னங்காலுக்கு ஒரு கயிறு, பின்னங்காலுக்கு ஒரு கயிறு என்று இழுத்துக் கட்டி வைக்கிறோம்.

குதிரையின் வயிற்றைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும். இது தெரியாமல் வேறு எதைப் பேசினாலும் பயனில்லை. மாட்டுக்கு இருப்பதுபோல் குதிரைக்கு நான்கு அறை இரைப்பை கிடையாது. அசை போடாது. ஒரே இரைப்பை, அதுவும் 8 முதல் 15 லிட்டர் கொள்வது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு சின்ன இரைப்பை ஏன்? ஒரே நேரத்தில் நிறையத் தின்பதற்காக அமைந்த பிராணி அல்ல அது. திறந்த வெளியில் வாழும் குதிரை ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கும் மேல் மேயும். நாலடி நடந்து ஒரு கடி, மறுபடி நாலடி. அந்த வாழ்க்கைக்கு ஏற்றபடி அதன் இரைப்பை இரவும் பகலும் இடைவிடாமல் அமிலம் சுரக்கிறது, தீனி உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்த அமிலத்தை ஆற்றுவது உமிழ்நீர். நமக்குப் புளியை நினைத்தாலே வாயூறும். குதிரைக்கு மென்றால்தான் ஊறும். மெல்லாத குதிரையின் இரைப்பைச் சுவரை அமிலம் அரிக்கிறது. பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரைப்பைப் புண் இருப்பதை உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தே மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். காலையில் ஒரு தவணை, மாலையில் ஒரு தவணை என்று மாட்டுக்கு வைப்பதுபோல் நாம் வைக்கும் தீனி அந்தப் புண்ணுக்கு வழி செய்கிறது.

நாரைச் செரிக்கும் வேலை பின்குடலில் நடக்கிறது. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்க வைத்துக் குதிரைக்குச் சக்தி தருகின்றன. மாவுச்சத்து மிகுந்த தானியத்தை ஒரே வேளையில் கொட்டினால், சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சுவது பின்குடலுக்கு வழிந்து போகிறது. அங்கே அமிலம் பெருகி நல்ல நுண்ணுயிர்கள் சாகின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் நச்சு இரத்தத்தில் கலக்கிறது. அதன் முடிவு சில நேரம் வயிற்றுச் சூலை, சில நேரம் குளம்பழற்சி. நான்கு காலும் நெருப்பில் நிற்பதுபோல் குதிரை பின்னுக்குச் சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் வாயில் தொடங்கிய நோய்தான் அங்கே காலில் தெரிகிறது. இன்னொன்றையும் மறக்காதீர்கள்: குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே தவறாகப் போனது எதுவும் அந்த வழியாகத் திரும்பாது.

அப்படியானால் என்ன கொடுப்பது? புல். நாள் முழுக்கப் புல். 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளுக்கு 5 முதல் 7 கிலோ உலர்தீவனம் வேண்டும். பச்சையாகக் கொடுத்தால் அது 25 முதல் 35 கிலோவுக்குச் சமம். அதை ஒரே நேரத்தில் குவித்துப் போட்டால் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சின்னக் கண் உள்ள கயிற்று வலைப்பையில் திணித்துத் தோட்டத்தில் நான்கைந்து இடங்களில் கட்டுங்கள். உதட்டால் உருவி உருவித் தின்னும். இரவெல்லாம் வேலை இருக்கும். கொள்ளு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உழைக்கிற குதிரைக்கு, ஊறவைத்து அவித்து, கொஞ்சமாக, புல் தின்றபின் கொடுங்கள். உழைக்காத குதிரைக்கு அது தேவையே இல்லை.

கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. காங்கயம் பக்கத்துக் கொரங்காடு குதிரைக்கென்றே அமைத்ததுபோல் இருக்கிறது. கொழுக்கட்டைப் புல், நடுவே நிழலுக்கு வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கயம் மாட்டை உருவாக்கிய அந்த நிலத்தில் குதிரையும் நன்றாக மேயும். ஆனால் மாட்டுக்கும் குதிரைக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். கொழுக்கட்டைப் புல்லிலும் கம்பு நேப்பியரிலும் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் இந்தப் புல்லை மட்டுமே தின்னும் குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். முகத்தெலும்பு வீங்கும். இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு மறு கால் என்று நொண்டும். இதன்மேல் நாம் தவிட்டை வேறு வாரிப் போடுகிறோம். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்பு குறைவு. அது அந்தக் கேட்டை இரட்டிப்பாக்கும். ஆகவே ஒரே புல்லை நம்பாதீர்கள். வரப்பில் குதிரைமசால் போடுங்கள், வேலிமசால் நடுங்கள், பூஞ்சணம் பிடிக்காத கடலைக்கொடி கிடைத்தால் சேர்த்து வையுங்கள். இவற்றில் சுண்ணாம்புச் சத்து உண்டு. தாது உப்பு எவ்வளவு கொடுப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீவனத்தைப் பற்றி இன்னும் இரண்டு எச்சரிக்கை. பச்சைச் சோளத்தில் குதிரையை மேய விடாதீர்கள். சிறுநீர்ப்பையையும் பின்னங்கால் நரம்பையும் அது கெடுக்கும். மாட்டுத் தீவன மூட்டையைப் பிரித்துக் குதிரைக்கு வைக்காதீர்கள். மாட்டுத் தீவனத்தில் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து மாட்டுக்கு உதவும். குதிரைக்குள் போனால் இதயத்தைச் சிதைத்துக் கொல்லும்.

அடுத்தது நடை. “எனக்கு இருப்பதே இரண்டு ஏக்கர், அதில் குதிரையை எங்கே அவிழ்த்துவிடுவது?” என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் லாடம் அடிக்கும் தொழிலில் இருந்த ஜெய்மி ஜாக்சன் என்பவர் 1980-களில் அங்குள்ள வறண்ட மேட்டு நிலத்தில் தன்போக்கில் வாழும் குதிரைகளைப் பின்தொடர்ந்து கவனித்தார். தண்ணீர் ஓரிடம், புல் ஓரிடம், உப்பு மண் ஓரிடம் என்று அவை நாள் முழுக்கத் தடம் பிடித்து நடப்பதைப் பார்த்தார். பண்ணைக்குள்ளேயே அப்படி ஒரு தடம் போட்டால் என்ன என்று அவர் யோசித்ததிலிருந்து ஒரு முறை பிறந்தது. நம் கணக்கில் சொல்கிறேன். இரண்டு ஏக்கரைச் சதுரமாக வைத்துக்கொண்டால் சுற்றளவு 360 மீட்டர். வேலியை ஒட்டி உள்பக்கம் நான்கு மீட்டர் அகலம் விட்டு இன்னொரு வேலி போட்டால் குதிரைக்குச் சுற்றித் திரிய ஒரு தடம் கிடைக்கும். அதற்குச் செலவாவது ஒரு ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. உள்ளே ஏறத்தாழ ஒன்றரை ஏக்கருக்கும் மேல் தீவனம் பயிரிட மிஞ்சுகிறது. தண்ணீர்த் தொட்டியைத் தடத்தின் ஒரு முனையில் வையுங்கள். தீவன வலையை எதிர்முனையில் கட்டுங்கள். உப்புக்கட்டியை வேறொரு மூலையில் தொங்கவிடுங்கள். யாரும் ஓட்டாமலே குதிரை நடக்கும். முள்கம்பி மட்டும் வேண்டாம். மிரண்ட குதிரை முள்கம்பிக்கு நிற்காது. மார்பைக் கிழித்துக்கொண்டு போகும். கிளுவையோ மூங்கில் கழியோ போதும்.

நடக்கிற குதிரையின் குளம்பே வேறு. குளம்பு மாதத்துக்கு முக்கால் சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை வளர்கிறது. கல்லும் மண்ணும் கலந்த காய்ந்த நிலத்தில் நடந்தால் வளர்வதும் தேய்வதும் ஏறக்குறைய சரியாகிவிடும். ஊன்றும்போது குளம்பு விரிகிறது, தூக்கும்போது சுருங்குகிறது. இரத்தம் அங்கே ஓடுவதற்கு அந்த அசைவு உதவுகிறது. மூத்திரச் சேற்றில் நாள் முழுக்க நிற்கும் குளம்பு அழுகும். கிட்டப் போனாலே நாற்றம் வரும். தார்ச்சாலையில் ரேக்ளா வண்டி இழுக்கிற குதிரைக்கு லாடம் தேவைப்படலாம். தோட்டத்தில் இருக்கும் குதிரைக்குப் பெரும்பாலும் தேவையில்லை. ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் ஒருமுறை தெரிந்தவரைக் கொண்டு செதுக்கிச் சமன் செய்தால் போதும்.

துணையைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கூட்டமாக வாழும்படி படைக்கப்பட்ட பிராணி, தனியாக நின்றால் காவல் முழுவதும் தன் தலையில் விழுந்துவிட்டது என்று நினைக்கிறது. குதிரை நின்றபடியே கண்ணயரும் என்பது சரி. ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். இன்னொரு குதிரை விழித்திருந்தால்தான் நிம்மதியாகப் படுக்கும். இரண்டு குதிரைகள் எதிரெதிரே நின்று ஒன்றின் பிடரியடியை மற்றது பல்லால் வருடிக்கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் வருடும்போது இதயத் துடிப்பு குறைவதை 1993-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. தட்டிக்கொடுப்பதைவிட அங்கே சொறிந்துகொடுங்கள், குதிரைக்குப் பிடிக்கும். தனியாகக் கட்டிய குதிரைதான் கட்டையைக் கவ்விக் காற்றை விழுங்கும், பக்கவாட்டில் ஓயாமல் ஆடும். அதைக் குறும்பு என்று அடிக்கிறார்கள். அது துயரம். ஒரு உயர்ந்த ஜாதிக் குதிரைக்கு வைத்திருக்கும் பணத்தில் இரண்டு நாட்டு மட்டம் வாங்குங்கள் என்பேன். ஆண் குதிரையை ஊர் மெச்ச வேண்டும் என்று காயடிக்காமல் வைத்துக்கொண்டு, அதை வேறு எதனோடும் விட முடியாமல் ஆயுள் முழுக்கத் தனியறையில் அடைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. இனவிருத்திக்கு வைக்காத ஆண் குதிரைக்குக் காயடித்துக் கூட்டத்தில் விடுவதுதான் அதற்குச் செய்யும் நன்மை.

இனிப் பயிற்சி. இதுதான் தம்பிமார்கள் கேட்க வந்தது.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. தன்னைச் சுற்றி ஏறத்தாழ முழு வட்டத்தையும் அது பார்க்கும். நெற்றிக்கு நேர் எதிரே கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னே கொஞ்சமும் மட்டும் தெரியாது. நாம் நேரே நெற்றிக்குக் கையைக் கொண்டுபோகிறோம், அல்லது சத்தமில்லாமல் பின்னால் வந்து முதுகைத் தட்டுகிறோம். இரண்டும் அதற்குத் தெரியாத இடங்கள். தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். வேட்டையாடப்படும் பிராணி அது. ஓடித்தான் இத்தனை ஆயிரம் ஆண்டு பிழைத்திருக்கிறது. பாலித்தீன் பை பறந்தாலும் மிரள்வது அதன் குணக்கேடு ஆகாது.

அது நம்மை எவ்வளவு கூர்ந்து பார்க்கிறது என்பதற்கு ஜெர்மனியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அதை வளர்த்த வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் பள்ளிக்கூட ஆசிரியர். ஏழும் ஐந்தும் எத்தனை என்று கேட்டால் குளம்பைப் பன்னிரண்டு முறை தட்டி நிறுத்தும். அறிஞர்கள் கூடிப் பார்த்தும் ஏமாற்று எதுவும் தெரியவில்லை. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் பொறுமையாகச் சோதித்து 1907-இல் விடையை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. கேட்பவரைப் பார்க்க முடியாவிட்டாலும் தெரியவில்லை. சரியான எண் வந்தவுடன் கேட்பவரின் தலை அவரை அறியாமல் இம்மியளவு நிமிர்கிறது. குதிரை அதைப் பார்த்து நிறுத்துகிறது. ஓஸ்டனுக்கே தம் தலை அசைவது தெரியாது. இந்தச் செய்தியை வைத்துக் குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று சிரிப்பவர்கள் உண்டு. பயிற்சியாளனுக்கு இதில் கிடைப்பது வேறு. நம் தோள் இறுகுவதையும் மூச்சு நிற்பதையும் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவதையும் படிக்கத் தெரிந்த ஒரு பிராணியிடம் சவுக்கை ஓங்கிப் பேச வேண்டிய தேவை என்ன?

குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்தால் என்று நினைக்கிறோம். கயிற்றை இழுத்தால் வருகிறது, ஆகவே இழுப்பதுதான் கற்பிக்கிறது என்று தோன்றுகிறது. அது தவறு. இழுப்பது கேள்வி மட்டும்தான். கற்பிப்பது தளர்வு. தலைக்கயிற்றை மெதுவாகப் பிடித்து ஒரே அளவாக இழுத்து நில்லுங்கள், வெட்டி இழுக்காதீர்கள். குதிரை யோசிக்கும், தலையைத் தூக்கும், பின்னுக்குச் சாயும். பொறுங்கள். உங்கள் பக்கம் எடை சற்றே சாய்ந்தவுடன், கால் எடுத்து வைப்பதற்கு முன்பே, கயிற்றை விட்டுவிடுங்கள். அந்த நொடியில் விட வேண்டும். இரண்டு மூன்று நொடி தாமதித்தால், அதற்குள் அது செய்த வேறு எதற்கோ பரிசு கொடுத்தவர்கள் ஆகிறீர்கள். அடுத்த முறை அது இன்னும் சீக்கிரம் சாயும். சில நாளில் கயிறு இறுகுவதற்கு முன்பே உங்கள் தோளைப் பார்த்து நடக்கும். பின்னுக்கு நகர்த்துவது, பக்கவாட்டில் ஒதுக்குவது, கால் தூக்கச் சொல்வது, பிறகு முதுகில் ஏறி நிறுத்துவது, திருப்புவது எல்லாமே இந்த ஒரு பாடத்தின் விரிவுதான்.

இதே விதியால்தான் கெட்ட பழக்கமும் வருகிறது. குளம்பைத் தூக்கினால் குதிரை உதறுகிறது, பயந்து விட்டுவிடுகிறோம். உதறினால் விடுவார்கள் என்று நாமே கற்றுக்கொடுத்துவிட்டோம். அதன் காலோடு சேர்ந்து நம் கையும் போக வேண்டும். உதறல் அடங்கிய நொடியில் நாமாக இறக்கி வைக்க வேண்டும்.

இந்த முறையை இக்காலத்தில் பலருக்கும் எடுத்துச் சென்றவர்களில் டாம் டோரன்ஸ் முக்கியமானவர். 1910-இல் பிறந்து 2003-இல் மறைந்தார். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மாட்டுப் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர். அவரிடம் கற்ற ரே ஹன்ட் ஊர் ஊராகப் போய்க் கற்பித்தார். குதிரையை உடைத்துப் பணியவைப்பது என்பதே அங்கும் வழக்கமாக இருந்தது. குதிரையின் பக்கத்திலிருந்து இந்த விஷயம் எப்படித் தெரிகிறது என்று கேட்டவர்கள் இவர்கள். நான் சொல்லும் முறைகளில் புதுமை என்று எதையும் கோர மாட்டேன். 2,300 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரத்துப் படைவீரர் செனஃபன் எழுதிய குதிரையேற்ற நூலிலேயே, கோபத்தோடு குதிரையை அணுகாதே, மிரண்ட குதிரையை அடித்தால் மிரட்சி கூடும் என்ற கருத்து இருக்கிறது.

மிரட்சியைத் தீர்க்கவும் இதே வழிதான். ஜே.சி.பி. சத்தம், மேளம், குடை, லாரி எதுவானாலும் குதிரை பார்த்தும் நிற்கக்கூடிய தொலைவில் தொடங்குங்கள். காது அதன் பக்கம் திரும்பும், கழுத்து நிமிரும். தலை தாழ்ந்து, வாய் மென்று, மூச்சு வெளிவரும்வரை நில்லுங்கள். உடனே அங்கிருந்து விலகிப் போங்கள். மறுபடி கொஞ்சம் கிட்டப் போங்கள். கட்டிப்போட்டு மேளத்தைக் காதருகே அடித்தால் சில குதிரைகள் அசையாமல் நிற்கும். பழகிவிட்டது என்கிறார்கள். ஓட வழியில்லை என்று தெரிந்துகொண்டு உள்ளுக்குள் ஒடுங்கிய குதிரை அது. ஒருநாள் கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையோடு கூட்டத்துக்குள் பாயும்.

முள் கடிவாளம் வைத்திருப்பவர்கள் இங்கே யாராவது இருந்தால் இன்றைக்கே தூக்கி எறிந்துவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். நாக்கைக் கிழிக்கும் அந்த இரும்பை 1965-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்பு விதிகளே தடை செய்திருக்கின்றன. சட்டத்தை விடுங்கள். வாயில் வலியுள்ள குதிரை இழுத்தால் நிற்காது, வலியிலிருந்து தப்ப ஓடும். தலைக்கயிற்றிலேயே நிற்கக் கற்ற குதிரைக்கு மென்மையான கடிவாளமே அதிகம்.

குடும்பமாகக் குதிரை வளர்க்கும் வீடுகளில் பிள்ளைகள்தான் நல்ல பயிற்சியாளர்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை, ஊருக்குக் காட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் இரண்டு விதிகளை அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. தலைக்கவசம் இல்லாமல் ஏறக் கூடாது. குட்டிக் குதிரையின்மேல் யாரையும் ஏற்றாதீர்கள். இரண்டு வயதில் உயரம் வந்துவிட்டதே என்று வண்டியில் பூட்டுகிறார்கள். உயரம் கண்ணை ஏமாற்றும். முதுகெலும்பின் வளர்ச்சி ஐந்து வயதை ஒட்டித்தான் முடிகிறது. நான்கு வயதுவரை கையில் பிடித்து நடத்துங்கள், ஊர் காட்டுங்கள். பிறகு இலகுவான சவாரி மட்டும் தொடங்கலாம்.

இயற்கையாக வளர்ப்பது என்றால் எதுவும் செய்யாமல் விட்டுவிடுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே நெடுந்தீவில், போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக் குதிரைகள் தன்போக்கில் வாழ்கின்றன. நம் கோடியக்கரையிலும் அப்படி உண்டு. லாடம் இல்லை, லாயம் இல்லை, கொள்ளு இல்லை. கூட்டமாகத் திரிந்து குட்டி போட்டு வாழ்கின்றன. அவற்றைப் பார்த்துக் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் கடுங்கோடையில் நெடுந்தீவில் தண்ணீரில்லாமல் குதிரைகள் செத்து விழுந்ததும் இயற்கைதான். நம் வேலிக்குள் இருக்கும் குதிரை வேறு எங்கும் போய்த் தண்ணீர் தேட முடியாது. நாளுக்கு 25 முதல் 40 லிட்டர், வெயிலில் அதற்கு மேலும், சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். ரணஜன்னிக்குக் குதிரையைப்போல் எளிதில் ஆளாகும் கால்நடை வேறில்லை. சின்ன ஆணி குத்தினாலும் போதும், தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். மாட்டு ஈ கடித்துப் பரவும் சர்ரா நோய் நம் நாட்டில் உண்டு. விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்து உடம்பு இளைத்தால் இரத்தம் சோதியுங்கள். பல் ஆயுள் முழுக்க வெளியே வந்துகொண்டே இருக்கும், ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர் பார்த்து அராவ வேண்டும். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், தரையைக் காலால் பறித்தால், புரண்டால், சாணி போடாவிட்டால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, இந்த ஆடியில் குதிரை வாங்கப் போகிறவர்களுக்கு. விற்பவரிடம் அது இதுவரை என்ன தின்றது என்று கேட்டு அதையே ஒரு மூட்டை வாங்கி வாருங்கள். பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நம் புல்லுக்கு மாற்ற வேண்டும். பின்குடல் நுண்ணுயிர்கள் ஒரே நாளில் மாறாது. வண்டியிலிருந்து இறக்கியதும் முதலில் தண்ணீரும் புல்லும். வீட்டில் ஏற்கெனவே குதிரை இருந்தால் இரண்டு மூன்று வாரம் தனி வேலியில், பார்க்க முடிகிற ஆனால் மூக்கோடு மூக்கு உரச முடியாத தொலைவில் வையுங்கள். இருமலோ சளியோ இல்லை என்று தெரிந்தபின் சேர்த்துவிடுங்கள். முதல் மாதம் சேணம் வேண்டாம், உறவுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டவும் வேண்டாம். தினமும் காலையில் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டுத் தடத்தின் ஓரமாக உட்காருங்கள். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, எதைக் கண்டால் காது மடக்குகிறது, எந்தக் காலுக்கு ஓய்வு கொடுக்கிறது, எப்போது படுக்கிறது என்று பாருங்கள். அது தானாக உங்களிடம் நடந்து வந்து முகர்ந்தால் பிடரியடியில் சொறிந்துகொடுத்துவிட்டு, அது போவதற்கு முன் நீங்கள் எழுந்து போய்விடுங்கள். தலைக்கயிற்றை அதற்கு மறுநாள் எடுத்துப் போகலாம்.